வெள்ளத்தில் நனைந்த ஹார்ட் டிஸ்க்கை 'ஆன்' செய்யாதீர்கள்!

ஜார்ஜ்டவுன்: 2017 நவம்பர் 4, 5ஆம் தேதிகளில் பினாங்கை வெள்ளம் சூழ்ந்தபோது பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் கணினியோடு சேர்ந்து மூழ்குவது திருமணப் படங்களும் பத்திர நகல்களும்தான்.

நனைந்த கணினியைத் துடைத்துவிட்டு, 'வேலை செய்கிறதா' என்று சுவிட்சைத் தட்டிப் பார்க்கத்தான் பலருக்கும் முதலில் தோன்றும். காரியம் கெடுவது அங்கேதான். ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. தகவலைப் படிக்கும் முனை அதைத் தொடாமல், தலைமுடியின் பருமனைவிடப் பன்மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. நடுவில் சேறு இருந்தால் தட்டு கீறிவிடும். கீறிய இடத்தில் இருந்த தகவல் போனது போனதுதான்.

வெயிலில் காய வைப்பதும் அரிசியில் புதைப்பதும் (கைப்பேசிக்குச் செய்யும் அதே வைத்தியம்!) வேண்டாம். சேறு காய்ந்தால் தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரம் காயாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி, தரவு மீட்பு நிபுணர்களிடம் கொடுப்பதே வழி. கட்டணம் மலிவல்ல.

2003இல் சிதறி விழுந்த கொலம்பியா விண்வெளி ஓடத்தின் கருகிய டிஸ்க்கிலிருந்தே சுமார் 99 விழுக்காட்டுத் தகவல் மீட்கப்பட்டது. தகவல் பதிவான பகுதி சேதமடையாமல் தப்பியிருந்ததே காரணம்.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு கிடையாது. ஆனாலும் ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் அதன் சிப் கருகிவிடலாம்.