வெட்டிவேர் மணமும் அவுரி வரியும்: வீட்டில் சோப்புத் தயாரித்தல்

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களிலுள்ள நம் அங்கத்தினர்களுக்குச் சோப்புச் செய்ய வேண்டிய பொருள்கள் பலவும் பழக்கமானவையே. தேங்காய் எண்ணெயையும் நிலக்கடலை எண்ணெயையும் உழவர் நன்கறிவர். குறிஞ்சிப்பாடி, புவனகிரி நெசவாளருக்குக் காஸ்டிக் சோடா சாயத் தொட்டியில் கண்ட பொருள். கடலூரை அடுத்த நொச்சிக்காட்டு மணல் நிலத்தில் வெட்டிவேர் விளைகிறது. பழைய தென்னாற்காடு மாவட்டம் ஒரு காலத்தில் அவுரிச் சாகுபடிக்குப் பெயர்பெற்றிருந்தது. இவற்றைக் கொண்டு மணமும் நீல வரியும் உடைய குளியல் சோப்பைச் செய்யலாம். ஆனால், இத்தொழிலில் கைப்பழக்கத்தைவிடத் தராசே முக்கியம்.

அளவின் அவசியம்

எண்ணெயுடன் காஸ்டிக் கரைசல் சேரும்போது சோப்பும் கிளிசரினும் உண்டாகின்றன. அப்போது எழும் வெப்பமே போதுமாதலால், அடுப்பில் காய்ச்ச வேண்டியதில்லை, இதுவே குளிர்முறை. கிளிசரின் சோப்பிலேயே தங்கித் தோலுக்கு இதமளிக்கும். ஆயினும், காஸ்டிக் மிகுந்தால் அதுவும் சோப்பிலேயே தங்கித் தோலைப் புண்ணாக்கும். 100 கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 18 கிராம் காஸ்டிக் வேண்டும். நிலக்கடலை எண்ணெய்க்குச் சுமார் 13½ கிராமே போதும். எனவே எண்ணெயை மாற்றினால் கணக்கையும் மாற்றுதல் வேண்டும்.

செய்முறை

தேங்காய் எண்ணெய் 500 கிராம், நிலக்கடலை எண்ணெய் 400 கிராம், ஆமணக்கெண்ணெய் 100 கிராம், காஸ்டிக் சோடா 150 கிராம், தண்ணீர் 300 கிராம் ஆகியவற்றை நிறுத்துக்கொள்க. கணக்கின்படி காஸ்டிக் ஏறக்குறைய 158 கிராம் செல்லும். பாதுகாப்புக்காகவே அதைக் குறைத்துள்ளோம். பட்டறையில் திறந்து கிடந்த காஸ்டிக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வலிமை குன்றியிருக்கும், அதைக் கொள்ளலாகாது.

கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், குழந்தைகளை விலக்கிவிட்டு வேலையைத் தொடங்குக. தண்ணீரில் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாக இடவேண்டும். காஸ்டிக்கின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. அலுமினியத்தைக் காஸ்டிக் அரித்துவிடும். உடலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் நெடுநேரம் கழுவுக. கண்ணில் பட்டால் கழுவியபின் தாமதமின்றி மருத்துவரிடம் செல்க.

கரைசல் சுமார் 40 பாகை அளவுக்கு ஆறியபின் எண்ணெயில் ஊற்றிக் கலக்குக. கரண்டியிலிருந்து வழியும் கோடு மேற்பரப்பில் இலேசாகத் தெரியத் தொடங்கியதும் 15 கிராம் வெட்டிவேர்த் தைலத்தைச் சேர்க்கவும். வேரை எண்ணெயில் ஊறவைப்பதால் மட்டும் இம்மணம் வாராது. மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து, எண்ணெயில் குழைத்த அவுரிப் பொடி ஒரு தேக்கரண்டி கலக்குக. இரண்டையும் மாறி மாறி அச்சில் வார்த்து, ஒரு குச்சியால் இரண்டு மூன்று முறை மட்டும் வளைத்திழுத்தால் வரிகள் அமையும். மிகுதியாகக் கலக்கினால் வரி மறைந்து எல்லாம் ஒரே நிறமாகும். கலவை முன்னமே இறுகிவிட்டால் வரி விழாது.

மறுநாள் இறுகியதும் துண்டுகளாக்கி, நிழலில் நான்கு முதல் ஆறு வாரம் உலரவிடுக. நீர் வற்றிச் சோப்பு கெட்டிப்படும்.

விற்பனைக்குச் செய்வோர் 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டப்படி உரிமம் பெறுதல் வேண்டும். தனித்தனியே முயல்வதைவிட, ஒரு சங்கம் நல்ல தராசு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு வார்ப்பின் அளவையும் ஒரே பேரேட்டில் பதிந்துவந்தால் சரக்கின் தரமும் வாங்குவோர் நம்பிக்கையும் நிலைக்கும்.