பனையேறியின் கயிறு

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரிக் கோட்டையை அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த வட்டாரத்துப் பனைகளை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. கோட்டைக்காவது படி இருக்கிறது. பனைக்கு எது படி? காலில் ஒரு தளை, வழக்கமுள்ள ஊர்களில் இடுப்பையும் மரத்தையும் வளைத்து ஒரு கயிறு, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு 60 அடி ஏறிப் பாளை சீவிவிட்டு இறங்கிவிடுகிறார் பனையேறி.

புதிதாக ஏறுகிறவர் பயத்தில் மரத்தைக் கட்டிப்பிடிப்பார். வழுக்குவதே அதனால்தான். உடம்பு மரத்தை விட்டு விலகிச் சாயும்போது, எடை அவரைப் பின்னால் இழுக்கிறது. கயிறு மரத்தின் பக்கம் இழுக்கிறது. அதே அளவுக்குப் பாதம் மரத்தை அழுத்துகிறது. உராய்வு பிறப்பது இந்த அழுத்தத்தில். எவ்வளவு சாய்கிறாரோ அவ்வளவு பிடிப்பு. ஒட்டிக்கொண்டால் அழுத்தம் குறையும், கால் நழுவும். இந்தக் கணக்கில் ஆளின் எடை இரு பக்கமும் அடிபட்டுப் போகிறது என்பது இன்னொரு வேடிக்கை: ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் தேவையான சாய்வு ஒன்றுதான். மழையில் பட்டை நனைந்தால் மட்டும் உராய்வு குறைந்து, எல்லோரும் இன்னும் அதிகமாகச் சாய வேண்டியிருக்கும். பதநீர்ப் பருவம் கோடையில் அமைந்தது பனையேறிகளுக்கு நல்லதாகப் போயிற்று.

ஆனால் இடுப்புக் கயிறு ஏறத்தான் உதவும், விழுபவரைப் பிடிக்காது. கால் தவறினால் கயிறு தளர்ந்து அவரோடே கீழே சறுக்கும். 20 மீட்டரிலிருந்து தடையின்றி விழுந்தால் தரையைத் தொட இரண்டு விநாடி. அப்போது வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர்.

இதற்கு விடை முடிச்சில் இருக்கிறது. ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931-இல் பரப்பிய முடிச்சு, பாரம் இல்லாதபோது கயிற்றின் மேல் நகரும். ஆள் தொங்கியதும் இறுகிக்கொள்ளும். மரத்தையே சுற்றி, இழுத்தால் இறுகும் சுருக்குக் கயிறுகளும் இதே கருத்தில் வந்தவைதான். இப்படி இறுகும் கயிற்றை உடல் முழுவதையும் தாங்கும் வாரோடு இணைக்க வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டினால் விழுகிற அதிர்ச்சி முழுவதும் முதுகெலும்பில் இறங்கும். கயிற்றில் தொய்வும் கூடாது. தொய்வு எத்தனை அடியோ அத்தனை அடி விழுந்த பிறகுதான் கயிறு பிடிக்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் கயிறு இதற்கு ஆகாது, வெயிலில் நைந்துவிடும்.

கயிறு பிடித்துக்கொண்டாலும் வேலை முடியவில்லை. அசையாமல் தொங்குகிறவரின் கால்களில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். அவரை இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே நிற்க வேண்டும்.