வாட்ஸ் கணக்கும் வளவுக் கணக்கும்

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களின் கதவு திறக்கும் நாள் நெருங்கும்போதே மட்டக்களப்பின் கோயில் வளவுகளில் ஒலிபெருக்கிப் பேச்சும் தொடங்கிவிடும். சவுண்ட்ஸ்காரரிடம் கோயில் நிர்வாகியான வண்ணக்கர் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, எத்தின பொக்ஸ் கொண்டாறீங்க?" அடுத்தது, "அம்ப் எத்தின வாட்ஸ்?" பெரிய எண்ணைச் சொல்பவருக்கு வேலை கிடைக்கிறது. எத்தனை பேர், எவ்வளவு தூரத்தில் இருந்து, எதைக் கேட்கப் போகிறார்கள் என்பது பேச்சில் வருவதே இல்லை. ஒரு பவர் அம்பைத் தேர்ந்தெடுப்பது அந்தக் கேள்வியில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

கிரானை எடுத்துக்கொள்வோம். கோறளைப்பற்று தெற்குப் பிரதேச செயலகம் இங்கேதான் இருக்கிறது. மட்டக்களப்பு–திருகோணமலை வீதியோரம் கடைத்தெரு. மேற்கே வாவியும் வயலும் தாண்டி குடும்பிமலை வரை சிதறிக் கிடக்கும் ஊர்கள். இங்கே ஒருவர் சவுண்ட் செட் வைத்திருந்தால் அதே செட்தான் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கும், சடங்குக்கும், கல்யாண வீட்டுக்கும், இசைக்குழுவுக்கும், கூத்துக்கும் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தேவை வேறு. ஆனால் கடன்பட்டு வாங்கப்போவது ஒரேயொரு அம்ப்.

முதலில் தூரக் கணக்கு. ஸ்பீக்கரின் பின்புறத்திலோ கையேட்டிலோ ஒரு டெசிபல் எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தள்ளி எவ்வளவு சத்தம் வரும் என்பதே அது. பதினைந்து அங்குல பொக்ஸ் ஒன்றுக்கு 97 டெசிபல் என்று வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் குறையும். 32 மீற்றரில் 30 டெசிபல் போய்விடும். அங்கே நிற்பவருக்கு அறிவிப்பு 80 டெசிபலில் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால், ஒரு மீற்றரில் 110 வேண்டும். 97இல் இருந்து 110க்குப் போக 13 டெசிபல், அதாவது சுமார் 20 வாட்ஸ்.

இருபதே வாட்ஸ்தான். கேட்பவர்கள் நம்ப மறுக்கும் இடம் இது. ஆனால் அந்த 20 சராசரிக் கணக்கு. குரல் திடீரென்று எழும்போதும் மத்தளத்தில் அடி விழும்போதும் ஒரு கண நேரத்துக்கு அதைப்போல் பத்து மடங்கும் அதற்கு மேலும் தேவைப்படும். அந்த உச்சம் நசுங்காமல் வெளியே வருவதற்குத்தான் 200, 300 வாட்ஸ் கையிருப்பாக வேண்டும். அம்பின் வாட்ஸ் என்பது இந்தக் கையிருப்புத்தான். அதைக் கூட்டினால் சத்தமும் அதே விகிதத்தில் கூடும் என்பது தப்புக் கணக்கு. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்குக் கொஞ்சம் கூடியதுபோல் தெரியும், அவ்வளவுதான். 97 டெசிபல் பொக்ஸுக்கு 400 வாட்ஸ் கொடுப்பதும் 100 டெசிபல் பொக்ஸுக்கு 200 கொடுப்பதும் ஒன்றே. ஆகவே காசை முதலில் நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள் என்பேன்.

அடுத்தது பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்கள். பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம். எந்த அளவுகோலுக்கும் கட்டுப்படாத விளம்பர எண் அது. ஸ்பீக்கரில் மூன்று எண் வரும்: தொடர் தாங்குதிறன், அதன் இரு மடங்காக புரோகிராம், நான்கு மடங்காக பீக். 400, 800, 1600 என்று இருந்தால் பொக்ஸ் உண்மையில் நீண்ட நேரம் தாங்குவது 400தான். பேச்சும் பக்திப் பாட்டும் போகிற இடத்துக்கு 400க்குச் சமமான அம்ப் போதும். இசைக்குழுவுக்கு ஒன்றரை மடங்கு, மிக்ஸர் மேசையில் நிதானமான கை இருந்தால் இரண்டு மடங்கு வரை போகலாம்.

அம்பின் வாட்ஸை எத்தனை ஓமில் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 8 ஓம் பொக்ஸ் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் 4 ஓம். நான்கை இணைத்தால் 2 ஓம். எல்லா அம்பும் 2 ஓமைத் தாங்காது. தாங்கும் என்று எழுதியிருந்தாலும் கச்சான் காற்று வீசும் பகலில், தகரப் பந்தலுக்குக் கீழே, மணிக்கணக்காகத் தாங்குமா என்பது வேறு கேள்வி. பிரிட்ஜ் செய்யும்போது இன்னும் கவனம் வேண்டும். பிரிட்ஜில் 4 ஓம் போட்டால் ஒவ்வொரு சனலும் 2 ஓமைத்தான் காண்கிறது. மேடைக்குப் பின்னால் கருகிப்போகும் அம்ப்களில் பல இப்படித்தான் போகின்றன.

"சின்ன அம்ப் போட்டால் ஸ்பீக்கர் எரியும்" என்று தொழிலில் இருப்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. சின்ன அம்பை அதன் எல்லைக்குள் ஓட்டினால் எந்த ஸ்பீக்கரும் எரியாது. சத்தம் காணாது என்று மேசையில் ஏற்றிக்கொண்டே போகும்போதுதான் அம்பால் எட்ட முடியாத அலையின் தலை வெட்டுப்படுகிறது. 500 வாட்ஸ் அம்ப் இப்படி முழுதாக வெட்டுப்பட்டு ஓடினால் 1000 வாட்ஸ் வரை தள்ளிவிடும். அந்த வெட்டில் பிறக்கும் கீச்சு அலைகள் பொக்ஸுக்குள் இருக்கும் ருவீற்றருக்குப் போகும். முதலில் சாவது அதுதான். பெரிய ஸ்பீக்கர் கருகியிருந்தால் கூம்பின் நடுவை இரு கையாலும் மெதுவாக அமுக்கிப் பாருங்கள்: கரகரவென்று உரசும், கிட்ட முகர்ந்தால் வார்னிஷ் தீய்ந்த மணம் வரும். அம்பின் முகப்பில் கிளிப் என்ற சிவப்பு விளக்கு இருப்பது இதற்காகத்தான். எப்போதாவது மின்னி மறைந்தால் பரவாயில்லை. நின்று எரிந்தால் உடனே மேசையில் குறைக்க வேண்டும். அம்பில் இருக்கும் திருகைக் குறைத்துவிட்டால் அம்பின் பலமும் குறைந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. உள்ளே வரும் சிக்னலைத்தான் அது குறைக்கிறது, மேசையில் ஏற்றினால் அம்ப் பழையபடி முழுப் பலத்தையும் தள்ளும்.

வயரைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. மெல்லிய 0.75 சதுர மில்லிமீற்றர் வயரை 30 மீற்றர் இழுத்தால் போய்வரும் தடை சுமார் 1.4 ஓம். 4 ஓம் பாரத்தில் ஸ்பீக்கருக்குக் கிடைப்பது கிடைக்க வேண்டியதில் பாதியை ஒட்டித்தான். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போட்டால் எண்பது வீதத்துக்கு மேல் போய்ச் சேரும். ஆயிரம் வாட்ஸ் அம்பை வாங்கிவிட்டு ஐந்நூறை வயரில் கரைப்பதைப் பார்த்தால் மனம் நோகிறது. சடங்குக்கு வீதி நெடுக ஹோன் கட்டுவதென்றால் கதையே வேறு: அங்கே 100 வோல்ற் லைன் அம்ப்தான் பொருத்தம். ஹோன்களின் வாட்ஸை எல்லாம் கூட்டி, அம்பின் அளவில் எண்பது வீதத்துக்குள் நிறுத்திக்கொண்டால் போதும்.

கரண்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் இருந்து நீட்டி எடுக்கும் லைனில் 230 வோல்ற் 180க்கு இறங்கினால், பாரமான ட்ரான்ஸ்போமர் வைத்த பழைய வகை அம்பின் பலம் அறுபது வீதத்துக்கு விழும். சிறிய ஜெனரேற்றரிலும் இதே பிரச்சினை வரும். கிளாஸ் டி அம்ப்கள் கரண்டை வீணாக்குவது குறைவு, சூடும் குறைவு, எடையும் குறைவு. எடை இங்கே பெரிய விஷயம். மாரியில் கிரான் பாலத்தின் மேலால் வெள்ளம் பாய்ந்தால் புலிபாய்ந்தகல் பக்கம் வாகனம் போகாது; சந்திவெளியில் இருந்து திகிலிவெட்டைக்கு வாவியைக் கடந்துதான் போக வேண்டும். தோணியில் ஏற்றி இறக்கும் பொருளில் இருபது கிலோ குறைவது சின்ன உதவியல்ல. குறை ஒன்றும் உண்டு: பழைய அம்ப் பழுதானால் ஊரிலேயே ட்ரான்சிஸ்டர் மாற்றித் தருவார்கள், கிளாஸ் டி போர்ட் பெரும்பாலும் முழுதாக மாற்ற வேண்டியிருக்கும். வாங்கும்போதே எங்கே திருத்துவார்கள் என்று கேட்டு வைப்பது நல்லது.

இனி கூத்து. எனக்கு இதுதான் முக்கியம். வடமோடியும் தென்மோடியும் விடிய விடிய ஆடப்பட்ட வட்டக்களரி நாற்புறமும் திறந்தது. சனம் சுற்றி உட்கார்ந்திருக்கும். அண்ணாவியாரும் மத்தளமும் சல்லாரியும் களரிக்குள்ளேயே இருக்கும். அந்தக் களரிக்கு ஒரு பக்கத்தில் பொக்ஸை அடுக்கி முழுச் சத்தத்தில் விட்டால், முன்னால் இருக்கும் கிழவிக்குக் காது அடைக்கும், எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்குப் பாட்டு விளங்காது, மேலே தொங்கும் மைக் ஊளையிடும். ஊளைக்கு மருந்து கூடுதல் வாட்ஸ் அல்ல.

சட்டமும் இருக்கிறது. 2007 நவம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின் கீழ் இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது. விசேட சமய நிகழ்வென்றால் அயலவரின் கருத்தைக் கேட்டுக் குறித்த நேரத்துக்கு அனுமதிக்கலாம். பகலிலும் சத்தம் வளவைத் தாண்டக்கூடாது என்பது நிபந்தனை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் நோயாளியும் உள்ள ஊரில் இது நியாயமான கட்டுப்பாடு என்றே நினைக்கிறேன்.

கூத்துக்கு நான் சொல்வது இது. களரியின் நாற்புறமும் நான்கு சிறிய பொக்ஸ், முகம் சனத்தைப் பார்த்து வெளியே. மைக் அவற்றின் முதுகுப்பக்கம் இருப்பதால் ஊளை குறையும். அவையும் 97 டெசிபல் பொக்ஸ் என்றால், எட்டு மீற்றரில் இருந்து கேட்பவருக்கு 85 டெசிபல் கிடைக்கச் சராசரி 4 வாட்ஸ் போதும். மத்தளத்தின் உச்சத்துக்கு 64. சனலுக்கு 150 வாட்ஸ் தரும் ஒரு நாலு சனல் அம்பை வாங்கி, பக்கத்துக்கு ஒரு சனலாகப் பிரித்துக் கொடுத்தால், பத்து மணிக்குப் பிறகு அனுமதி கிடைத்த இரவுகளில் வீடுகள் இருக்கும் பக்கத்தை மட்டும் தனியாகக் குறைத்துக்கொள்ளலாம்.