வாசகரை எண்ணுவது எப்படி?

லேக் மார்க்கெட்டை அடுத்து நெடுங்காலமாக வாழ்ந்துவரும் அம்மையார் ஒருவர், கொல்கத்தா வாழ்க்கையைப் பற்றி இணையத்தில் ஒரு வலைப்பூ எழுதி வருகிறார். வங்காளத்து அண்டை வீட்டார் வாழைப்பூவைச் சமைக்கும் முறை, துர்க்கா பூஜை நாட்களில் நம் வீடுகளில் வைக்கும் கொலு, தாயகத்தை விட்டுப் புதிதாய் வந்தபோது மொழி தெரியாமல் பட்ட பாடு ஆகிய யாவும் அதில் உண்டு. சென்ற மாதம் அவர் என்னிடம், "தம்பி, நாளொன்றுக்குப் பத்தொன்பது பேர்தான் வருவதாக எண்காட்டி சொல்கிறது. இனி யாருக்காக எழுதுவது? நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன்" என்று வருந்தினார்.

நான் இரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைப்பவன். ஓர் எண்ணைக் கண்டால், அது எவ்வாறு கிடைத்தது என்று கேட்பது என் தொழிற்பழக்கம். விற்ற சீட்டுகளின் தொகை வேறு. வண்டியேறியவர் தொகை வேறு. மாதச் சீட்டு வாங்கியவர் மெய்யாகவே எத்தனை முறை பயணம் செய்தார் என்று எவரும் எண்ணுவதில்லை. இத்தனை முறை என ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறோம். வலைப்பூவின் கணக்கும் இத்தகையதே.

இவ்வையம் புதிதன்று. பத்திரிகைகள் தம் விற்பனையைப் பெருக்கிச் சொல்வதைத் தடுக்கவே, நம் நாட்டில் 1948 ஆம் ஆண்டு 'ஆடிட் பீரோ ஆஃப் சர்குலேஷன்ஸ்' என்னும் தணிக்கை அமைப்பு தோன்றியது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அது விற்பனைக்குச் சான்று அளிக்கிறது. ஆயினும் ஒரு பிரதியை வீட்டில் ஐவர் படிப்பதுண்டே! அதனை அறிய, வீடு வீடாகச் சென்று வினவும் 'இந்தியன் ரீடர்ஷிப் சர்வே' 1995 இல் தொடங்கியது.

வலைப்பூவை அளக்கும் கோல்கள் பல. முதலாவது, பக்கம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பது. ஒருவரே மும்முறை திறந்தால் மூன்று என்று ஏறும். தேடுபொறிகளின் இயந்திரங்கள் வந்து போவதும் சில எண்காட்டிகளில் சேர்ந்துவிடும். இரண்டாவது, வருகையாளர் எத்தனை பேர் என்பது. வந்தவரின் கருவியில் 'குக்கி' என்னும் சிறு அடையாளத்தை விட்டு, மறுமுறை வரும்போது இனங்காண்பது இதன் வழி. கைப்பேசியிலும் அலுவலகக் கணினியிலும் படிப்பவர் இதில் இருவராகிறார். ஒரே கணினியில் படிக்கும் குடும்பம் முழுவதும் ஒருவராகிறது!

மூன்றாவது, பிறர் எத்தனை பேர் அதனைச் சுட்டி இணைப்பு அளித்தனர் என்பது. 2002 இல் தோன்றிய டெக்னோரட்டி, ஆறு மாதங்களில் ஒரு வலைப்பூவுக்கு இணைப்புக் கொடுத்த பிற வலைப்பூக்களை எண்ணி மதிப்பிட்டது. நான்காவது, மாதிரிக் கணக்கு. அலெக்சா என்னும் நிறுவனம், தன் கருவிப்பட்டையை நிறுவிக்கொண்டவர் எங்கெங்குச் செல்கின்றனர் என்று பார்த்துத் தரவரிசை வகுத்தது. அக்கருவியை வையாத நம் போன்றோர் அந்தக் கணக்கில் எங்ஙனம் அகப்படுவர்? 2022 மே 1 அன்று அந்தச் சேவையும் நின்றுபோயிற்று.

தமிழில் இத்துறைக்குப் பெருந்தொண்டு ஆற்றியது, காசி ஆறுமுகம் அவர்கள் 2004 இல் தொடங்கிய 'தமிழ்மணம்'. உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழ் வலைப்பதிவுகளை அது ஓரிடத்தில் திரட்டிக் காட்டியது. வாசகர் வாக்கும் தரவரிசையும் பின்னர் அதில் இடம்பெற்றன. பெயரறியாத பலருக்கு அதனால் வாசகர் கிடைத்தனர். ஆனால், எனக்கு நீ வாக்களி, உனக்கு நான் அளிக்கிறேன் என்னும் வழக்கமும் உடன் வளர்ந்தது. பதிவர்களே இதனை 'மொய்' என்று நகைத்தனர். கலியாணத்து மொய்ப்பணத்தை எண்ணி அன்பின் அளவை அறிய இயலுமோ?

அண்மையில் அலுவல் காரணமாகக் கரக்பூர் சென்றேன். அங்கே இரயில்வே குடியிருப்பில் ஒரு தமிழர் இல்லத்தில், நூலால் கோத்த காகிதக் கட்டு ஒன்றைக் கண்டேன். நம் அம்மையார் எழுதியவற்றை அவ்வீட்டு மகன் அச்சிட்டுக் கொடுக்க, கண்பார்வை குன்றிய பாட்டிக்கு மருமகள் மாலைதோறும் படித்துக் காட்டுகிறாள். பின்னர் அக்கட்டு அண்டை வீடுகளுக்குச் செல்கிறது. விரல்விட்டு எண்ணினேன், பதினொருவர். எண்காட்டியில் ஏறியதோ ஒன்றே ஒன்று!

திரும்பியதும் இதனை அம்மையாரிடம் கூறினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பாட்டிக்கு எந்த ஊராம்?" என்று கேட்டார். மறுவாரம் புதிய கட்டுரை வெளிவந்தது.

எண்களை இகழ வேண்டுமென்பது என் கருத்தன்று. எத்தனை பேர் மீண்டும் வருகின்றனர், ஈராண்டுக்கு முன் எழுதியதை இன்றும் எவரேனும் படிக்கின்றனரா, தாமே முன்வந்து எத்தனை பேர் மறுமொழி எழுதுகின்றனர் என்பனவற்றைச் சேர்த்துப் பார்த்தால் உண்மை ஓரளவு புலப்படும். சி. சு. செல்லப்பா 1959 இல் தொடங்கிய 'எழுத்து' பத்திரிகைக்கு வாசகர் மிகச் சிலரே. ஆயினும் தமிழில் புதுக்கவிதை வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம் அன்றோ?

வாசகர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. பிடித்த ஒன்றைப் படித்தால், எழுதியவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். எந்த எண்காட்டியும் தர இயலாத கணக்கு அது.