நாலு சர்வர், ஒரே டேட்டா: கடைசி சீட் யாருக்கு?

இன்னைக்கு டேபிளே இல்லாத ஒரு டேட்டாபேஸ் பத்திப் பேசலாம். பேரு இசட்ஓடிபி. பைத்தான் ஆப்ஜெக்ட்டை அப்படியே சேமிச்சு வைக்கும். ஜோப் அப்ளிகேஷன் சர்வருக்காக ஜிம் ஃபுல்டன் உருவாக்கினது. ஜோப் 1998-ல ஓப்பன் சோர்ஸ் ஆச்சு.

சரி, நாலு மெஷின்ல ஓடுற அப்ளிகேஷன்களுக்கு ஒரே டேட்டா வேணும்னா? அதுக்குத்தான் ஜியோ. சிம் கார்டு ஜியோ இல்லங்க! இதில் ஒரு சர்வர் டேட்டாவை வைத்திருக்கும். ஒவ்வொரு அப்ளிகேஷனும் தேவையான ஆப்ஜெக்ட்டை அங்கிருந்து வாங்கி, தன்னிடம் ஒரு காப்பி வைத்துக்கொள்ளும். ஒருவர் அதை மாற்றி கமிட் செய்ததும், மற்றவர்களுக்கு சர்வர் சொல்வது இவ்வளவுதான்: "உங்கிட்ட இருக்கிறது பழசு, தூக்கிப் போடு." புதுசு வேணும்னா திரும்பக் கேட்டு வாங்கிக்கணும்.

ரெண்டு பேர் ஒரே ஆப்ஜெக்ட்டை ஒரே நேரத்தில் மாற்றினால்? முன்கூட்டியே லாக் போடுவதில்லை. முதலில் கமிட் செய்தவர் ஜெயிப்பார். அடுத்தவர் கையில் இருப்பது பழைய வெர்ஷன் என்பதால், அவருக்கு கான்ஃப்ளிக்ட் எரர் வரும். அவருடைய வேலையை முதலிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும்.

இங்கதான் சிக்கல். 40 சீட் உள்ள ஒரு பஸ். 39 புக் ஆயிடுச்சு. புக்கிங் எல்லாம் பிட்ரீ எனும் பெரிய டிக்‌ஷனரி போன்ற ஆப்ஜெக்ட்டில், பயணியின் ஐடியை கீயாக வைத்து இருக்கிறது. ரெண்டு சர்வரும் ஒரே நேரத்தில் எண்ணிப் பார்க்குது: 39 தான், இடம் இருக்கு. ரெண்டும் ஆளுக்கு ஒரு கீ சேர்க்குது. வேற வேற கீ என்பதால், பிட்ரீ பெரும்பாலும் ரெண்டையும் தானே இணைச்சிடும். எரரே வராது. ஆனா பஸ்ல 41 பேர்!

டேட்டாபேஸ் மேல தப்பில்ல. நீங்க எதை எழுதினீங்கன்னுதான் அது பார்க்கும். எதைப் படிச்சு முடிவெடுத்தீங்கன்னு தானா பார்க்காது. "40-க்கு மேல கூடாது" என்ற விதி உங்க மனசுல மட்டும்தான் இருக்கு.

தீர்வு சிம்பிள். பயணி ஐடிக்குப் பதிலா சீட் நம்பரைக் கீயாக வைங்க. கடைசி சீட்டுக்கு ரெண்டு பேரும் ஒரே கீயில் எழுதப் போவாங்க. ஒருத்தருக்குக் கண்டிப்பா கான்ஃப்ளிக்ட் வரும். மறுபடி ஓட்டும்போது சீட் இல்லைன்னு தெரிஞ்சிடும்.

இன்னொன்னு: மறுபடி ஓட்டும்போது எஸ்எம்எஸ்ஸும் மறுபடி போகும். அதனால் கமிட் ஆன பிறகு மட்டும் அனுப்புங்க.

மொத்தத்தில், எந்த விதியைக் காப்பாத்தணுமோ, அது மோதுற இடம் ஒரே இடமா இருக்கணும். மோதல் வந்தா நல்லதுன்னு நினைச்சு டிசைன் பண்ணுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!