துணி இலவசமா?

ஜெர்மனியில் சில ஊர்களின் பெயருக்கு முன்னால் 'பாட்' என்று ஒரு சொல் இருக்கும். எழுத்துக்களைக் கூட்டி இங்கிலீஷாகப் படித்துவிட்டு, 'ஐயையோ, கெட்ட ஊர் போலிருக்கிறதே!' என்று பயப்படாதீர்கள். 'பாட்' என்றால் குளியல். பாட் எம்ஸ், பாட் ஹோம்பர்க் எல்லாம் ஊற்று நீருக்குப் பேர்போன ஊர்கள். பாடன்-பாடனோ பெயரிலேயே இரண்டு முழுக்குப் போட்டுவிடுகிறது! பூமிக்கடியிலிருந்து 68 டிகிரி சென்டிகிரேட் வரை சூடான வெந்நீர் அங்கே தானாக வருகிறது.

பெண்ணையோ பிள்ளையையோ பார்க்க அந்தப் பக்கம் போகும் சகோதரிகளை, "ஒரு நாள் ஸ்நானத்துக்குப் போகலாம், வாருங்கள்" என்று யாராவது அழைக்கத்தான் போகிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் வாசலில் 'டெக்ஸ்டீல்ஃப்ரை' என்று எழுதியிருந்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். 'டெக்ஸ்டீல்' ஜவுளிதான். 'ஃப்ரை' என்பதும் இங்கிலீஷ் 'ஃப்ரீ'க்கு உறவுதான். அதற்காக உள்ளே துணி இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. உடம்பில் துணியே கூடாது என்று அர்த்தம்!

ஜெர்மானியர் இதை விகல்பமாக நினைப்பதில்லை. சாவ்னா என்னும் மர அறையில், 80, 90 டிகிரி உஷ்ணத்தில், ஆணும் பெண்ணும் சேர்ந்தே உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரை ஒருவர் உற்றுப் பார்ப்பதுதான் அங்கே மரியாதைக் குறைவு. நீச்சல் உடையோடு நுழைந்தால், சுத்தம் தெரியாதவர் என்று முகம் சுளிப்பார்கள். பாடன்-பாடனில் 1985-ல் திறந்த காரகல்லா ஸ்நானக் கட்டடத்தில், வெந்நீர்க் குளத்துக்கு நீச்சல் உடை கட்டாயம். அங்குள்ள சாவ்னாவுக்கோ அதே உடை கூடாது. ஒரே கூரையின் கீழ் இரண்டு சட்டம்!

ஆகவே, டிக்கெட் வாங்குமுன் கேட்டுவிடுங்கள்: "கிப்ட் எஸ் ஐனென் டாமென்டாக்?" அதாவது, பெண்களுக்கு மட்டுமான நாள் உண்டா? பல இடங்களில் உண்டு. அன்றும் உடை விதி மாறாது. ஆனால் சுற்றிலும் பெண்கள்தானே! பெரிய 'ஹான்ட்டூஹ்', அதாவது துண்டு, ஒன்று அவசியம். "கைன் ஷ்வைஸ் அவுஃப்ஸ் ஹோல்ட்ஸ்" என்று சுவரில் எழுதியிருப்பார்கள். மரப் பலகையில் வியர்வை படக் கூடாதாம். பாதங்கள் கூடத் துண்டின் மேல்தான் இருக்க வேண்டும்.

வெட்கத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 'அவுஃப்குஸ்' என்று ஒரு சடங்கு. கொதிக்கும் கற்களின் மேல் வாசனை கலந்த நீரை ஊற்றி, துண்டை வீசி அனலை எல்லோர் மேலும் பரப்புவார்கள். அப்போது கதவைச் சாத்திவிடுவார்கள். புதிதாகப் போனவளுக்குத் தலை கிறுகிறுக்கும். எழுந்தால் என்ன நினைப்பார்களோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கூடவே கூடாது! "மீர் இஸ்ட் ஷ்விண்ட்லிஷ்" (எனக்குத் தலை சுற்றுகிறது) என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதல் தடவை எட்டு, பத்து நிமிஷம் போதும். கீழ்ப் படியில் உட்காருங்கள்; மேலே போகப் போகச் சூடு அதிகம். இருதயக் கோளாறு, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேளாமல் போக வேண்டாம்.

சூடாக இருக்கிறது என்று சொல்ல, "மீர் இஸ்ட் ஹைஸ்" என்க. இங்கிலீஷை நினைத்துக்கொண்டு "இஷ் பின் ஹைஸ்" என்று சொல்லித் தொலைத்துவிடாதீர்கள். அதற்கு அர்த்தமே வேறு. குடும்பப் பத்திரிகையில் அதை அச்சிட முடியாது!

எல்லாம் முடிந்து, உடம்பைத் துவட்டிக்கொண்டு, இளைப்பாறும் அறைக்கு வந்து சாய்கிறீர்கள். பக்கத்திலிருக்கும் ஜெர்மன் அம்மாளிடம் கற்றதையெல்லாம் பேசிப் பார்க்கலாம் என்று வாயைத் திறக்கும்போது, எதிரே ஒரு பலகை: 'ரூஹே, பிட்டே!' தயவு செய்து பேசாதீர்கள்.