எழுத்துவழிப் பயணம்: கொரியப் பண்பாட்டுத் தலங்கள் மூன்று

முன்னுரை

தென்கொரியாவிற்குச் செல்லும் பண்பாட்டுப் பயணியர் அரண்மனை, பௌத்த மடம், மரபுவழிக் குடியிருப்பு ஆகியவற்றையே பெரிதும் நாடுகின்றனர். எழுத்து, அச்சு ஆகியவற்றின் வரலாற்றிற்குரிய தலங்களும் அந்நாட்டின் பயணத்தடத்தில் உள்ளன. அவற்றுள் ஹேயின்சா மடம், சொங்ஜு நகரம், தலைநகர் சியோல் ஆகிய மூன்றும் குறிப்பிடத்தக்கவை. தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் செல்வோர்க்கு இவை கால வரிசையிலும் அமைகின்றன. இம்மூன்றிலும் மூலப்பொருளின் இருப்பு ஒரே தன்மையது அன்று. அவ்வேறுபாட்டை அறிந்து காண்பதன் தேவையை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹேயின்சா: மூலம் உள்ள இடம்

கயா மலையிலுள்ள ஹேயின்சா மடம் கி.பி. 802இல் நிறுவப்பட்டது. தேகு நகரிலிருந்து பேருந்தில் இதனை அடையலாம். பௌத்தத் திருமுறை முழுவதும் சீன எழுத்தில் செதுக்கப்பட்ட 80,000க்கும் மேற்பட்ட அச்சுப்பலகைகள் இங்குக் காக்கப்படுகின்றன. முதல் தொகுதி 1232இல் மங்கோலியர் படையெடுப்பில் எரிந்தது. இன்றுள்ள தொகுதி 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மீண்டும் செதுக்கப்பட்டதாகும். பலகையின் ஒவ்வொரு பக்கமும் பொதுவாக 23 வரிகளும், வரிக்கு 14 எழுத்துகளும் கொண்டது.

பலகைகளைப் போலவே அவற்றைக் காக்கும் கட்டடமும் கருதத்தக்கது. இது 15ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. முன்சுவரில் கீழ்ச்சன்னல்கள் பெரியன, மேற்சன்னல்கள் சிறியன. பின்சுவரில் இம்முறை மாறியுள்ளது. இதனால் உட்புகும் காற்று அறை முழுதும் சுழன்று வெளியேறுகிறது. தரையில் இடப்பட்ட கரி, உப்பு, சுண்ணாம்பு முதலியன ஈரத்தைச் சமன்செய்கின்றன. 1995இல் யுனெஸ்கோ இக்கட்டடத்தை உலக மரபுச்சின்னமாக ஏற்றது. கொரியப் போரின்போது 1951இல் இம்மடப்பகுதியில் குண்டுவீசுமாறு பிறப்பிக்கப்பட்ட ஆணையை விமானப்படை அதிகாரி கிம் யோங்ஹ்வான் நிறைவேற்ற மறுத்தார். கட்டடக்கலையோடு இம்மறுப்பும் சேர்ந்தே பலகைகளைக் காத்தது எனலாம்.

சொங்ஜு: இடம் மட்டும் எஞ்சியது

நாட்டின் நடுப்பகுதியிலுள்ள சொங்ஜுவில் நிலை வேறு. உலகில் எஞ்சியுள்ள நூல்களுள், தனித்தனி உலோக எழுத்துகளைக் கோத்து அச்சிடப்பட்டவற்றில் மிகப் பழையதாக அறியப்படும் ‘ஜிக்ஜி’ இங்கு 1377இல் அச்சிடப்பட்டது. இது கூட்டன்பர்க் விவிலியத்திற்கு ஏறத்தாழ 78 ஆண்டுகள் முற்பட்டது. இதன் இரண்டாம் பகுதி மட்டுமே கிடைத்துள்ளது; அதுவும் பிரான்சு தேசிய நூலகத்தில் உள்ளது. கொரியாவில் பணியாற்றிய பிரெஞ்சுத் தூதர் ஒருவரின் சேகரிப்பு வழியாக அது அங்குச் சென்றது.

நூலின் இறுதிக்குறிப்பு, சொங்ஜு நகருக்கு வெளியே ஹுங்தொக்சா மடத்தில் அச்சிடப்பட்டதாகக் கூறுகிறது. மடம் இருந்த இடம் நெடுங்காலம் அறியப்படவில்லை. 1985இல் நடந்த அகழாய்வில் மடத்தின் பெயர் பொறித்த வெண்கலப் பொருள்கள் கிடைத்தன. நூற்சான்றும் பொறிப்புச்சான்றும் ஒன்றையொன்று உறுதிசெய்தன. 1992இல் அவ்விடத்தையொட்டி அச்சு வரலாற்று அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கு ஜிக்ஜியின் படியையும் எழுத்து வார்க்கும் முறையின் விளக்கக் காட்சிகளையும் காணலாம். காண்பது படி என்னும் தெளிவு பயணிக்கு வேண்டும். மூலம் ஏன் இங்கில்லை என்னும் வினாவும் இத்தலத்தின் வரலாற்றில் அடங்கும்.

சியோல்: வழக்கில் வாழும் எழுத்து

மேற்கண்ட இரண்டும் சீன எழுத்தில் அமைந்தவை. கொரிய மொழிக்கென அரசர் செஜொங் 1443இல் 28 எழுத்துகளை உருவாக்கி, 1446இல் வெளியிட்டார். இன்று ஹங்குல் எனப்படும் இதன் அடிப்படை எழுத்துகள் 24. அவர் அமைத்த அறிஞர் மன்றம் இயங்கிய இடத்தில், கியோங்பொக்குங் அரண்மனையில், சுஜொங்ஜொன் மண்டபம் நிற்கிறது. சியோலின் கடைப்பெயர்ப்பலகை முதல் தொடர்வண்டி நிலையம் வரை எங்கும் இவ்வெழுத்தைக் காணலாம்.

எழுத்தின் அமைப்பை விளக்கும் மூலநூலான ‘ஹுன்மின்ஜொங்கம்’ உரைப்படி 1940 வரை அறியப்படவில்லை. எனவே எழுத்துகளின் வடிவத்திற்குச் சன்னல் சட்டம் போன்றவற்றை மூலமாகக் காட்டும் ஊகங்கள் நிலவின. கொரிய மொழி ஒடுக்கப்பட்ட சப்பானிய ஆட்சிக்காலத்தில், கலைப்பொருள் சேகரிப்பாளர் ஜொன் ஹியோங்பில் அப்படியை வாங்கி, விடுதலை வரை மறைத்துக் காத்தார். மெய்யெழுத்துகளின் அடிப்படை வடிவங்கள் நா, இதழ், பல், தொண்டை ஆகிய ஒலியுறுப்புகளைக் காட்டுவன என்பது அப்படியால் உறுதியாயிற்று. தொல்காப்பியப் பிறப்பியல் ஒலிப்பிடங்களைச் சொல்லால் விளக்குகிறது. ஹங்குல் அவற்றை வரிவடிவிலேயே காட்டுகிறது. இவ்வொப்புமை இரண்டிற்கும் இடையே தொடர்பு இருந்ததற்குச் சான்றாகாது. ஒலியியல் சிந்தனை தனித்தனியே வளர்ந்தமைக்கே எடுத்துக்காட்டாகும்.

அரண்மனையின் முன்வாயிலான குவாங்ஹ்வாமுனின் பெயர்ப்பலகை சீன எழுத்திலேயே உள்ளது. அதன் முன்னுள்ள சதுக்கத்தில் 2009இல் நிறுவப்பட்ட செஜொங்கின் சிலை அமர்ந்திருக்கிறது. பழைய வடிவை மீட்பதா, ஹங்குலில் எழுதுவதா என்னும் விவாதம் அங்கு எழுந்ததுண்டு.

முடிவுரை

ஹேயின்சாவில் மூலம் தன் இடத்திலேயே உள்ளது. சொங்ஜுவில் இடம் உண்டு, மூலம் இல்லை. சியோலில் எழுத்து மக்கள் வழக்கில் நிலைபெற்றுள்ளது. அதன் இலக்கணமோ ஒருவர் மறைத்துக் காத்த படியால் மீண்டது. காணும் பொருள் மூலமா, படியா, நினைவிடமா என வினவிக் காணும் பயணியே அதன் பின்னுள்ள இழப்பையும் காப்பையும் உணர்வார். சுவடியியல், பதிப்பியல் ஆய்வாளர்க்கு இத்தடம் சிறப்பாகப் பயன்படும்.